நாலு விரல் கண்ணாடி

ஜூன் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு வண்டிக்குத் தீபாவளி எண்ணெய்க் குளியல் மாதிரி. பாண்டுப் மேற்கில், ஜங்கல் மங்கல் ரோட்டின் ஏற்றத்தில், எங்கள் சால் குடியிருப்புக்கு எதிரே நிற்கும் பிரீமியர் பத்மினியின் போனட்டைத் திறந்துவைத்துவிட்டு, மடித்துக் கட்டிய கைலியோடு அப்பா நிற்பார். மும்பைக்குக் குடிதண்ணீர் சுத்திகரிக்கும் பெரிய நிலையம் எங்கள் தலைக்கு மேலே பாண்டுப் மலையில்தான் இருக்கிறது. எங்கள் குழாயில் மட்டும் காலையில் கொஞ்ச நேரம்தான் தண்ணீர் வரும். அதனால் வண்டிக்கு ஒரே வாளி. அதில் பாதி கண்ணாடிகளுக்கு, மிச்சம் மேனிக்கு. "மேல் அழுக்க மழை பாத்துக்கிடும். கண்ணாடி அழுக்க நாமதாம்ல பாக்கணும்" என்பார் அப்பா. திருநெல்வேலியை விட்டு வந்து முப்பது வருஷம் ஆகியிருந்தும் வண்டியோடு பேசும்போது மட்டும் அவருக்கு ஊர்ப்பேச்சு அப்படியே வந்துவிடும்.

எங்கள் குடும்பத்தில் பாகம் பிரிக்கச் சொத்து எதுவும் இருந்ததில்லை. வண்டியைத்தான் பாகம் பாகமாகப் பிரித்து வைத்திருந்தோம். பிளக்குகளுக்குப் பொறியைப் பிரித்துக் கொடுக்கும் டெல்கோவும் அதற்குள் இருக்கும் சிபி பாயின்டும் அப்பாவுக்கு. நாலு ஸ்பார்க் பிளக்கும் எனக்கு. கழற்றி, உப்புத்தாளில் கரி போகத் தேய்த்து, உடைந்த ஆக்சா பிளேடுத் துண்டு ஒன்றை முனையின் இடைவெளியில் நுழைத்து, லேசாக உரசிக்கொண்டு போகிறதா என்று பார்த்து நீட்ட வேண்டும். அந்தப் பிளேடின் கனம் ஏறத்தாழ 0.6 மில்லிமீட்டர், பிளக்குக்கு வேண்டிய இடைவெளியும் கிட்டத்தட்ட அதுவே என்பது பல வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அக்காவுக்கு டேஷ்போர்டு. சிவப்பு விளக்கு அணைந்ததா, சூடு ஏறுகிறதா என்று பார்த்துச் சொல்வது அவள் பொறுப்பு. போனட்டுக்குள் கைவிடும் உரிமை அவளுக்குக் கிடையாது. அது ஏன் என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை, அவளைத் தவிர. அம்மாவுக்குத் தண்ணீர்க் கூஜாவும் ஈரத்துணியும்.

ஈரத்துணி எதற்கென்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்லியாக வேண்டும். கார்புரேட்டர் காலத்து வண்டிகளில் பெட்ரோலை டாங்கிலிருந்து இழுக்கும் பம்பு இன்ஜின் மேலேயே உட்கார்ந்திருக்கும். மே மாதத்து வெயிலில் மலையேறினால் இன்ஜினோடு சேர்ந்து பம்பும் கொதிக்கும். உள்ளே இருக்கும் பெட்ரோல் ஆவியாகும். திரவத்தைத் தள்ளப் பிறந்த பம்புக்கு ஆவியைத் தள்ளத் தெரியாது. வண்டி இருமி, திணறி, நின்றுவிடும். பழுது எதுவும் இல்லை, சூடுதான். பம்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றி, கால்மணி நேரம் காத்திருந்தால் ஆவி மறுபடி திரவமாகும், வண்டி கிளம்பும். காய்ச்சல் வந்த பிள்ளைக்கு நெற்றியில் துணி போடுவதும் இதுவும் அம்மாவுக்கு ஒரே வேலைதான். இப்போதைய வண்டிகளில் பம்பு டாங்குக்குள்ளேயே பெட்ரோலில் மூழ்கி இருக்கிறது, அழுத்தம் கொடுத்துத் தள்ளுகிறது. ஈரத்துணிக்கு வேலை போய்விட்டது. நல்லதுதான். வெயிலில் காத்துக் கிடந்ததைப் பொற்காலம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்த வண்டி எங்கள் தெருவுக்கு வந்தது 1989இல். 1984 மாடல். தாதர் பார்சி காலனியில் ஒரு பெரியவர் வைத்திருந்தது. பம்பாயில் பழைய வண்டி வாங்குகிறவர்களுக்குப் 'பார்சி வண்டி' என்பது ஐஎஸ்ஐ முத்திரை மாதிரி. அவ்வளவு பக்குவமாக வைத்திருப்பார்கள் என்று பெயர். முதல் சொந்தக்காரர் பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்து வாங்கிய வண்டி அது. உரிமக் கட்டுப்பாட்டுக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் வாங்கினார்கள். கையில் கொடுத்தபோது சாவியோடு ஒரு நோட்டுப் புத்தகத்தையும் கொடுத்தார். எந்தத் தேதியில் ஆயில் மாற்றியது, எந்தத் தேதியில் எந்தச் சக்கரத்தை எங்கே மாற்றிப் போட்டது என்று நுணுக்கமான கையெழுத்தில் குஜராத்தியில் எழுதியிருந்தார். அப்பாவுக்குக் குஜராத்தி தெரியாது. கடைசிப் பதிவுக்குக் கீழே ஒரு கோடு போட்டுவிட்டுத் தமிழில் தொடர்ந்தார்.

பத்மினி என்பது சித்தூர் ராணியின் பெயர். அம்மாவோ இன்றுவரை அது நாட்டியப் பேரொளி பத்மினியின் பெயர் என்றே நம்புகிறாள். நாங்களும் திருத்தவில்லை. வால்சந்த் ஹீராசந்த் 1944இல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், குர்லாவில் ஃபியட்டின் உரிமத்தோடு கார் செய்தது. 1964இல் ஃபியட் 1100 டிலைட் என்று வந்த உடம்புதான் எழுபதுகளில் பத்மினி என்று பெயர் மாறியது. 1089 சிசி இன்ஜின், ஸ்டியரிங்கோடு ஒட்டிய கை கியர், முன்னால் மூவர் நெருக்கி உட்காரும் ஒரே நீளச் சீட்டு, காற்றை வளைத்து முகத்தில் அடிக்கும் முக்கோணச் சின்னக் கண்ணாடி. இத்தாலிக்காரன் வரைந்த வண்டியில் தாராவியும் மாட்டுங்காவும் செம்பூரும் கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய் வந்தன.

பாண்டுப்புக்கும் அந்த வண்டிக்கும் இன்னொரு உறவும் உண்டு. ஃபியட் என்ற பெயரின் கடைசி எழுத்து டூரின் நகரைக் குறிப்பது. 1899இல் அங்கே தொடங்கிய கம்பெனி அது. எங்கள் பாண்டுப்பில் டயர் செய்யும் சியட் ஆலையின் பெயரிலும் கடைசி எழுத்து அதே டூரின்தான். 1924இல் அந்த ஊரில் மின்கம்பி செய்யத் தொடங்கிய கம்பெனியின் பெயர்ச் சுருக்கம் அது. இந்தியாவுக்கு 1958இல் வந்தது. ஆக, ஆல்ப்ஸ் அடிவாரத்து ஓர் ஊரின் இரண்டு பிள்ளைகள் லால் பகதூர் சாஸ்திரி மார்க்கின் மேல் ஏறத்தாழப் பத்துக் கிலோமீட்டர் இடைவெளியில் குடியேறியிருந்தன. ஒன்று வண்டி செய்தது, மற்றது அதற்குக் கால் செய்தது. இதையெல்லாம் தெரிந்துகொள்ளாமலேயே அந்தச் சாலையில் இருபது வருஷம் போய் வந்தோம்.

*

பராமரிப்பு என்ற சொல்லில் ஓர் அலுவலக வாடை இருக்கிறது. தமிழில் அதைவிட நல்ல சொல் பேணுதல். பெற்றோரைப் பேணுவது, விருந்தைப் பேணுவது, உடம்பைப் பேணுவது எல்லாவற்றுக்கும் அதுவே சொல். பேணுவது என்றால் பழுது பார்ப்பது அல்ல. பழுது வருவதற்கு முன்னால் கவனித்துக்கொண்டே இருப்பது. என் தாத்தா மாட்டுவண்டிக்கு மசகு போடுவதைப் பார்த்திருக்கிறேன். சக்கரத்தைக் கழற்றி அச்சில் மசகைத் தடவுவார். தடவும்போதே விரலால் அச்சு தேய்ந்திருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். மசகு போடுவது பாதி வேலை, தடவிப் பார்ப்பது மறுபாதி. அப்பா முன்சக்கரங்களின் பக்கம் குனிந்து கிரீஸ் அடித்ததும் அப்படித்தான். கருத்த பழைய கிரீஸ் பிதுங்கி வெளியே வரும்போது அதை விரலில் எடுத்து உரசிப் பார்ப்பார். நறநறவென்றால் மண் புகுந்திருக்கிறது.

காடவ் நாக்காவில் எங்கள் கராஜ் உஸ்தாத் இதில் பெரிய ஆள். போனட்டைத் திறப்பதற்கு முன் கண்ணை மூடிக்கொள்வார். "பஹலே சுன்னேகா, அண்ணா" என்பார். முதலில் கேட்க வேண்டும். டிக் டிக் என்று சீராக வந்தால் டாப்பெட். வளைவில் திரும்பும்போது மட்டும் கிறீச்சென்றால் அது வேறு. கிளட்சை மிதிக்கும்போது நின்றுபோகிற சத்தம் என்றால் இன்னொன்று. பிளக்கைக் கழற்றிக் காட்டி எனக்கு நிறம் படிக்கச் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான். பிஸ்கெட் நிறம் என்றால் இன்ஜின் சௌக்கியம். கரியாக இருந்தால் பெட்ரோல் அதிகம் குடிக்கிறது. வெளுத்திருந்தால் பட்டினி கிடக்கிறது. பள்ளிக்கூடத்தில் லிட்மஸ் தாள் படித்ததற்கு முன்பே எனக்கு இது பாடமாகிவிட்டது.

கேட்பது ஆண்களின் வித்தை மட்டும் அல்ல. இரண்டாம் மாடியில் ஸ்டவ்வின் முன்னால் நின்றபடி, தெருவில் ஓடும் நூறு வண்டிச் சத்தத்துக்கு நடுவில், "ஒங்கப்பா வண்டி நாக்கா திரும்பிட்டு, தட்டை எடுத்து வை" என்பாள் அம்மா. ஒருநாள், "இன்னைக்கு வண்டிக்குத் தொண்டை கட்டியிருக்கு" என்றாள். மறுநாள் பார்த்தபோது சைலன்சரில் விரல் நுழையும் ஓட்டை.

இதையெல்லாம் கலை என்று தூக்கிவைத்துவிட்டு நடக்கலாம். அது பொய்யாகிவிடும். அப்பாவின் கை கற்றவற்றில் தவறுகளும் இருந்தன. எண்ணெய் மாற்றும் தேதியை எவ்வளவு சிரத்தையாகக் காத்தாரோ அவ்வளவே சிரத்தையாக அந்தத் தவறுகளையும் காத்தார். கண்டாலா மலையில் ஏறும்போது ஷிங்ரோபா கோயிலில் வண்டியை ஓரங்கட்டுவார். அந்தக் கணவாய்க்கு வழி காட்டிய இடையன் ஒருவனுக்கு எழுந்த கோயில் அது. டிரைவர்கள் காசு போடாமல் தாண்ட மாட்டார்கள். அம்மா காசு போடுவாள். இறங்கும்போது அப்பா வண்டியை நியூட்ரலில் விட்டுவிடுவார். பெட்ரோல் மிச்சம் என்பது அவர் கணக்கு. மலை இறக்கத்தில் வண்டியைப் பிடித்து நிறுத்தப் பாதி உதவி இன்ஜினிலிருந்து வருகிறது. கியரை எடுத்துவிட்டால் முழுப் பாரமும் பிரேக் மேல் ஏறும். பிரேக் சூடேறினால் பிடி தளரும். எங்களைக் காப்பாற்றியது ஷிங்ரோபாதான் என்று அம்மா இன்றும் சொல்வாள். எனக்கும் வேறு காரணம் தெரியவில்லை.

முன்சீட்டில் மூன்று பேர், அம்மா மடியில் நான். பெல்ட் என்று எதுவும் கிடையாது. சடன் பிரேக் போட்டால் அம்மாவின் இடது கை என் மார்பின் குறுக்கே தானாக வரும். அதுதான் எனக்குக் கிடைத்த முதல் சீட் பெல்ட். அந்தக் கையை நினைத்தால் கண் கலங்குகிறது. மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் மோதியிருந்தால் எந்தத் தாயின் கையாலும் ஒரு பிள்ளையைப் பிடித்து நிறுத்தியிருக்க முடியாது என்பதும் தெரிகிறது. இரண்டும் உண்மை.

*

அப்பாவின் மழைக்கால விதிகள் மூன்று. ஒன்று, வைப்பர் நின்றுபோனால் புகையிலையைக் கண்ணாடியில் தேய்த்துவிட்டு ஓட்டு. தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் பாயாக வழிந்துவிடும். கறுப்பு மஞ்சள் 'காலி பீலி' டாக்சிக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த உபாயம் இது. இரண்டு, தேங்கிய தண்ணீரில் முன்வண்டி தாண்டும்வரை நில். அது எந்த உயரத்தில் முங்குகிறது என்று பார். மூன்று, எவ்வளவு மழை அடித்தாலும் கண்ணாடியை முழுக்க ஏற்றாதே. நாலு விரல் இறக்கி வை.

மூன்றாவது விதிதான் எங்களுக்குப் பிடிக்காதது. சட்டை நனையும், புத்தகப் பை நனையும். அப்பா விடமாட்டார். ஏசி இல்லாத வண்டியில் ஐந்து பேர் மூச்சு விட்டால் கண்ணாடி உள்பக்கம் மூடுபனி போட்டுவிடும், வெளியே எதுவும் தெரியாது. ஆவி போவதற்குத்தான் அந்த நாலு விரல். கையால் சுற்றும் கைப்பிடி. ஒன்றரைச் சுற்று சுற்றினால் சரியாக நாலு விரல். அக்காவும் நானும் பின்சீட்டில் ஆளுக்கொரு பக்கம். மழை விழுந்ததும் சொல்லாமலே கை போகும்.

2005 ஜூலை 26. மும்பைக்காரர்களுக்கு அந்தத் தேதியைப் பற்றி விளக்க வேண்டாம். சாந்தாகுருஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை. அக்கா அப்போது கல்யாணமாகி, வேலைக்கும் போய்க்கொண்டிருந்தாள். மதியம் அலுவலக வண்டியில் நாலு பேராக வீட்டுக்குக் கிளம்பினார்கள். புது வண்டி, ஏசி, பொத்தான் அமுக்கினால் ஏறி இறங்கும் கண்ணாடி, ஓட்டம் தொடங்கினால் தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவு. குர்லாவில் காமானி தாண்டும் முன்பே சாலை ஆறாகிவிட்டது. தண்ணீர் கதவின் அடிப்பக்கத்தைத் தொட்டதும் அக்கா தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கியிருக்கிறாள். டிரைவர் கத்தியிருக்கிறார், சீட் நனைகிறது என்று. "சாலு ரகோ", நிறுத்தாதே என்று அவள் சொல்லிவிட்டு, நாலு கண்ணாடியையும் முழுக்க இறக்கச் சொல்லியிருக்கிறாள். மூத்தவள் சொல்கிறாளே என்று இறக்கினார்கள். கொஞ்ச நேரத்தில் இன்ஜின் நின்றது. பிறகு பொத்தான்களும் நின்றன. கதவு வெளியிலிருந்து அழுத்தும் தண்ணீரில் அசையவில்லை. நாலு பேரும் ஜன்னல் வழியாக வெளியே ஏறிக் குதித்து, கைகோத்து, மார்பளவுத் தண்ணீரில் நடந்தார்கள். காட்கோபர், விக்ரோலி, காஞ்சூர்மார்க் என்று ராத்திரி முழுக்க நடந்து விடிகாலையில் அக்கா பாண்டுப் வந்து சேர்ந்தாள். காலில் ஒரு செருப்புகூட இல்லை.

அன்று மும்பையில் நின்றுபோன கார்களுக்குள் மாட்டிக்கொண்டு மூச்சடைத்து இறந்தவர்களும் உண்டு. ஏசி வண்டிக்குள் மழைக்குப் பத்திரமாக உட்கார்ந்திருந்தவர்கள் அவர்கள். சுவிட்சும் மோட்டாரும் தண்ணீரில் செயலிழந்தால் கண்ணாடி இறங்காது. வெளியே தண்ணீர் ஏறியிருக்கும்போது ஒரு கதவின் மேல் அது கொடுக்கும் அழுத்தத்தை மனிதத் தோளால் தள்ளித் திறப்பது மிகக் கடினம். உள்ளே தண்ணீர் நிறைந்து இருபக்கமும் சமமானால்தான் கதவு இளகும். அதுவரை மூச்சு தாங்க வேண்டும். எந்தப் பெட்டி நம்மை மழையிலிருந்து காக்கிறதோ அதுவே பூட்டிய பெட்டியாகும் நிமிஷம் ஒன்று இருக்கிறது. அது வருமுன் கண்ணாடி இறங்கியிருக்க வேண்டும்.

மறுநாள் அக்கா சொன்னதைக் கேட்டுவிட்டு அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "நான் ஆவி போகத்தாம்ளா சொன்னேன்" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்தைத்தான் நான் இருபது வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவர் கொடுத்த காரணம் வேறு, அது உதவிய காரியம் வேறு. பனி படியக் கூடாது என்பதற்காகப் பழகிய கை, மூச்சடைக்காமல் காத்தது. அக்கா அந்த நேரத்தில் நீரழுத்தத்தைக் கணக்குப் போடவில்லை. மழை என்றதும் அவள் கை கண்ணாடிக்குப் போயிற்று, அவ்வளவுதான். போனட்டைத் தொட விடாமல் வளர்த்த பெண், போனட்டுக்குள் இருந்த எதைவிடவும் பெரிய காரியத்தைக் கற்றுக்கொண்டிருந்தாள்.

பழைய வண்டியும் தன் பங்குக்கு ஒன்றைச் செய்துகொண்டிருந்தது. டெல்கோ மூடியில் நாலு சொட்டுத் தண்ணீர் பட்டாலே பொறி போய்விடும், வண்டி முனகிக்கொண்டு நின்றுவிடும். அதைக் குறை என்றுதான் நினைத்தோம். ஆனால் பெரும்பாலும் இன்ஜின் தண்ணீரைக் குடிப்பதற்கு முன்பே அது எங்களை நிறுத்திவிட்டது. மூடியைத் துடைத்துக் காயவைத்தால் கிளம்பிவிடும். இப்போதைய இன்ஜின்கள் அப்படிச் சோர்வதில்லை. காற்று உறிஞ்சும் வாய் முங்கும்வரை ஓடும். முங்கியதும் சிலிண்டருக்குள் தண்ணீர் போகும். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. மேலே வரும் பிஸ்டன் அதில் மோதினால் கனெக்டிங் ராடு வளையும். நின்ற பிறகு பதற்றத்தில் மறுபடி செல்ஃப் அடித்தால் சேதம் கூடும். தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள், இழுத்துக்கொண்டு போய் உலர்த்துங்கள். ஒரு சாமானியக் குடும்பத்துக்குச் சில மாதச் சம்பளத்தை மிச்சப்படுத்தும் வாக்கியம் இது. கையேட்டில் எங்கோ அச்சாகியும் இருக்கும்.

*

கையேட்டைப் பற்றி நான் பேசக் கூடாது. என் வண்டியின் கையேடு டேஷ்போர்டு டப்பாவுக்குள் பிளாஸ்டிக் உறை கிழியாமல் நாலு வருஷம் இருந்தது. வண்டி எடுத்த அன்று ஷோரூம் இளைஞர் இருபது நிமிஷம் சொல்லிக் கொடுத்தார். பாட்டு எப்படிப் போடுவது, போனை எப்படி இணைப்பது, வண்டியோடு எப்படிப் பேசுவது. தேங்காய் உடைத்து, எலுமிச்சம்பழத்தில் சக்கரம் ஏற்றி, போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம். ஸ்டெப்னி எங்கே இருக்கிறது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஸ்டெப்னி என்ற சொல்லே வேல்ஸ் நாட்டு லனெல்லி ஊரின் ஸ்டெப்னி தெருவிலிருந்து வந்தது. 1904இல் உபரிச் சக்கரம் செய்து விற்றவர்கள் அங்கே இருந்தார்கள். அந்தத் தெருப் பெயரை இங்கிலாந்துக்காரர்கள் பெரும்பாலும் மறந்துவிட்டார்கள், நாம் மறக்கவில்லை. பேச்சில் அதற்கு ஒரு கொச்சை அர்த்தமும் கொடுத்துவிட்டோம். பெயரை மறக்காத நாம் சக்கரத்தைத்தான் மறக்கிறோம். டிக்கியின் அடியில், காற்று இறங்கி, சூட்கேஸ்களுக்குக் கீழே கிடக்கும் அதை யாரும் அழுத்திப் பார்ப்பதில்லை. டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் அச்சிட்டிருக்கும். 3218 என்றால் 2018ஆம் ஆண்டின் முப்பத்திரண்டாவது வாரம் பிறந்த டயர். ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயசாகும். டயர் செய்யும் ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கே அந்த நாலு இலக்கத்தைப் படிக்க நாற்பது வயசுக்கு மேல் ஆயிற்று.

2020இல் ஊரடங்கின்போது வண்டி மாதக்கணக்கில் நின்றது. பேட்டரி தானாகவே தீர்ந்துவிட்டது. கீழே இறங்கிப் பார்த்தபோது போனட்டுக்குள் பெருச்சாளி குடும்பம் நடத்திய அடையாளம், கடித்துப் போட்ட ஒயர்கள். பழைய வண்டியாக இருந்தால் ஏற்றத்தில் நிறுத்தியிருப்போம், தெருப் பிள்ளைகள் நாலு பேர் தள்ள, இரண்டாம் கியரில் கிளட்சை விட்டால் கிளம்பியிருக்கும். இப்போதைய ஆட்டோமேட்டிக் வண்டியில் தள்ளுவதற்கு வழியே இல்லை. மெக்கானிக் வந்து முதலில் செய்த காரியம், ஒரு மின்னணுப் பெட்டியைச் செருகி, திரையில் வந்த எண்ணைப் படித்தது. அவர் காது கொடுத்துக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அது பேசியிருக்காது. இதில் அவர் குற்றம் எதுவும் இல்லை. பழைய உஸ்தாத்தால் பத்து நாளில் கண்டுபிடிக்க முடியாததை அந்தப் பெட்டி பத்து நிமிஷத்தில் சொன்னது.

ஆகவே இது பழைய வண்டியா புதிய வண்டியா என்ற வழக்கு அல்ல. எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். ஒரு வண்டியின் வசதிகள் அதை வாங்கும்போது நமக்குக் கிடைத்துவிடுவதில்லை. கை பழகும்போதுதான் கிடைக்கின்றன. பின்சீட்டு பெல்ட்டைப் பாருங்கள். எத்தனை வருஷமாக வண்டிகளில் இருக்கிறது. சீட்டின் இடுக்கில் சொருகி, மேலே உறை போட்டு மூடி, அதன் மேல் உட்கார்ந்துகொண்டிருந்தோம். 2022 செப்டம்பர் 4ஆம் தேதி பால்கர் அருகே நடந்த விபத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்தார். விலையுயர்ந்த, எல்லாப் பாதுகாப்பும் உள்ள வண்டி. பின்சீட்டில் இருந்த அவர் பெல்ட் போட்டிருக்கவில்லை. அதற்குப் பிறகுதான் இந்த நகரம் பின்சீட்டு பெல்ட்டை இடுக்கிலிருந்து தோண்டி எடுத்தது. கொஞ்ச மாதம் போட்டோம். இப்போது மறுபடி உறைக்கு அடியில் போய்க்கொண்டிருக்கிறது.

அப்பாவுக்கு ஒரு பழக்கம் தொற்றினால் போகாது, நல்லதும் போகாது, கெட்டதும் போகாது. எங்களுக்கு எதுவும் தொற்றுவதில்லை. அவருக்குக் கை இருந்தது, காரணம் குறைவு. எங்களிடம் நானூறு பக்கத்துக்குக் காரணம் இருக்கிறது, கை இல்லை. நியூட்ரலில் மலை இறங்கியதை நிறுத்தக் கையேடு வேண்டும். மழை விழுந்ததும் கண்ணாடிக்குக் கை போகப் பின்சீட்டுப் பழக்கம் வேண்டும். ஒன்று இல்லாமல் மற்றது ஆபத்து.

*

அப்பாவின் பத்மினிக்குப் பதிவுக் காலம் 1999இல் முடிந்து, ஐந்தைந்து வருஷமாக நீட்டித்தோம். 2009இல் உடம்பு தாங்காது என்று ஆர்டிஓ போகும் முன்பே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. அடித்தளம் துருப்பிடித்து, மழைக்காலத்தில் பின்சீட்டில் கால் வைத்தால் சாலை தெரிந்தது. குர்லா சிஎஸ்டி ரோட்டில் பழைய வண்டிகளைப் பாகம் பாகமாகக் கழற்றி விற்கும் ஒரு கடைக்காரருக்குக் கொடுத்தோம். அது பிறந்த தொழிற்சாலை நின்ற நிலத்திலிருந்து அந்தக் கடை ரொம்ப தூரம் இல்லை. தொழிற்சாலை முன்பே போய், அங்கே கோஹினூர் சிட்டி என்று குடியிருப்புக் கோபுரங்கள் எழும்பிவிட்டிருந்தன. 2023 அக்டோபர் 30ஆம் தேதி மும்பைச் சாலையிலிருந்து கடைசி பத்மினி டாக்சியும் விலகியது. இருபது வருஷ வரம்பு. பத்திரிகைகளில் கண்ணீர் அஞ்சலி வந்தது. வாசித்துக் காட்டினேன். அப்பா கேட்டார்: "சரி, உன் வண்டிக்கு டயர்ல காத்து பாத்தியால?"

பார்க்கவில்லை.

போன வருஷம் ஆகஸ்டில், மங்கத்ராம் பெட்ரோல் பம்பு அருகே, மழையில், நானும் என் மகனும் எங்கள் வண்டிக்கு வெளியே நின்றோம். ரிமோட் சாவியின் பேட்டரி செத்துவிட்டது. பொத்தானை அமுக்கினால் எதுவும் நடக்கவில்லை. சர்வீஸ் உதவிக்குப் போன் செய்து முக்கால் மணி நேரம் நனைந்துகொண்டு நின்றோம். இழுவை வண்டியில் வந்த பையனுக்கு இருபது வயசு இருக்கும். என் கையிலிருந்து ரிமோட்டை வாங்கி, ஓரத்தில் ஒரு சின்னக் கொக்கியைத் தள்ளி, உள்ளிருந்து ஓர் இரும்புச் சாவியை உருவி எடுத்து, டிரைவர் கதவைத் திறந்துவிட்டான். நாலு வருஷமாக அது என் பாக்கெட்டிலேயே இருந்திருக்கிறது. என் மகன் சிரித்தான். அப்பாவிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

இந்த ஜூனில் முதல் ஞாயிற்றுக்கிழமை என் மகனையும் அக்கா மகளையும் வண்டிக்குள் உட்கார வைத்தேன். இன்ஜின் அணைந்திருந்தது. சைல்டு லாக் எந்தக் கதவில் இருக்கிறது, பின்கதவு உள்ளிருந்து திறக்காவிட்டால் என்ன செய்வது, அபாய விளக்கின் பொத்தான் எது, போனட்டைத் திறக்கும் நெம்புகோல் எங்கே, ஸ்டெப்னியில் எவ்வளவு காற்று இருக்கிறது, மஞ்சள் விளக்குக்கும் சிவப்பு விளக்குக்கும் என்ன வித்தியாசம். மஞ்சள் என்றால் சீக்கிரம் காட்டு, சிவப்பு என்றால் இப்போதே நிறுத்து. பெல்ட்டை உறைக்கு வெளியே எடுத்தோம். போனட்டைத் திறந்ததும் முதலில் கைவிட்டவள் அக்கா மகள். ஆயில் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு, எடுத்துப் பார்த்தாள். மழை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். இருவரும் பொத்தானை அமுக்கிக் கண்ணாடியை இறக்கினார்கள். விரலை வைத்து அளந்து காட்டினேன்.

உங்கள் ரிமோட்டுக்குள்ளும் ஓர் இரும்புச் சாவி இருக்கலாம். அது எப்படி வெளியே வரும், எந்தக் கதவில் நுழையும் என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள். வீட்டில் எல்லோரையும் ஒருமுறை திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.